அம்மாவுக்கு விசுவாசம் தெரியும்: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நீதித்துறைக் குழுக்களில் இருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

என் அம்மாவுக்கு 72 வயது. போன மாதம் குடியுரிமை நேர்காணலுக்குப் போனார். வரலாறு, அரசமைப்பு பற்றிய வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டார். 20 கேள்விகளில் 12 சரியாக இருந்தால் போதும். பதினைந்தாவது கேள்வியிலேயே 12 வந்துவிட்டதால் அதிகாரி அத்தோடு நிறுத்திக்கொண்டார். காட்டிய ஆங்கில வாக்கியத்தை அம்மா வாசித்தார். சொன்ன வாக்கியத்தை எழுதியும் காட்டினார். ஆங்கிலம் பேசுவதில் மட்டும் தேறவில்லை என்று முடிவுத் தாளில் குறித்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த அதிகாரி, குடியுரிமை உறுதிமொழி பற்றிய இடத்துக்கு வந்ததும், "அலீஜியன்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பேசாமல் இருந்திருக்கிறார். அதிகாரி வேறு வார்த்தை போட்டுத் திரும்பக் கேட்டிருக்கிறார். அப்போதும் பதில் இல்லை. அதற்கு முன்பும் பின்பும் இப்படி மூன்று நான்கு கேள்விகள். அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவசரப்படுத்தாமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுத்தான் பேசினார் என்று அம்மாவே சொன்னார். சட்டம் சொன்னதை அவர் செய்தார். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நீங்கள் என்பதால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

திரும்பி வரும்போது காரில் அம்மா கேட்டார்: "அலீஜியன்ஸ்னா என்னடி?"

"விசுவாசம்மா. நாட்டுக்கு விசுவாசமா இருக்கிறது."

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "விசுவாசம்னா எனக்குத் தெரியாதா? அதைத் தமிழ்ல கேட்டிருந்தா ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேனே."

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று அம்மா கேட்டால், அவரே வாசித்துப் பார்க்க முடிய வேண்டும். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அம்மா 2017-ல் இங்கே வந்தார். அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் இந்நாட்டுக் குடிமகள் என்பதால், பெற்றவளை அழைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்தது; உங்கள் சட்டம்தான் அதைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 63. மன்னார்குடியில் எட்டாவது வரை படித்தவர். தமிழ்ச் செய்தித்தாளை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். கந்தர் சஷ்டி கவசம் முழுக்க மனப்பாடம். ஞாபக சக்தியில் என்னை எப்போதும் தோற்கடிப்பார்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்ததும் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கினார். அப்போது பாடம் 100 கேள்விகள். இடது பக்கத்தில் கேள்வி, ஆங்கில ஒலி அப்படியே தமிழ் எழுத்தில்: "வாட் இஸ் த சுப்ரீம் லா ஆஃப் த லேண்ட்?" வலது பக்கத்தில் பதில், அதற்குக் கீழே சிவப்பு மையில் தமிழ் அர்த்தம். செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் நடக்கும் வகுப்புக்குப் போனார். அங்கே ஒரு குஜராத்திப் பாட்டி, சீனாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, வியட்நாம் தாத்தா ஒருவர். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. மிசிசிப்பி, மிசூரி என்று ஆற்றுப் பெயர் மட்டும் எல்லோருக்கும் பொது.

போன மே மாதம் பெரியம்மா படுத்த படுக்கையானார். அம்மா நோட்டோடு மன்னார்குடிக்குப் போனார். நோட்டு தமிழ் எழுத்தில் இருந்ததால், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத பெரியம்மா கட்டிலில் சாய்ந்தபடி கேள்வியை வாசிப்பார். அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வார். "எத்தனை செனட்டர்?" "நூறு." "சரிடி, அடுத்தது." தங்கை மகன் இதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ந்து இந்நாட்டில் வசிக்கவில்லை என்று கொள்ளப்பட்டு, குடியுரிமைக்கான ஆண்டுக் கணக்கு அறுந்துபோகலாம். அந்தப் பயத்தில் அக்டோபர் கடைசியில் அம்மா திரும்பி வந்தார். மூன்று வாரத்தில் பெரியம்மா போய்விட்டார். குடியுரிமை இருந்திருந்தால் அம்மா அங்கே இருந்திருப்பார். எதற்கு ஒரு 72 வயதுப் பெண்ணுக்குக் குடியுரிமை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். வாக்களிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதை அவர் சும்மா கேட்கவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. இதை வாங்கினால் பிறந்த மண்ணின் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் நேர்காணலுக்குப் போனார்.

அம்மா ஊரில் இருந்தபோது, செப்டம்பரில், தேர்வு மாறுகிறது என்று அறிவிப்பு வந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 100 கேள்விகள் அல்ல, 128. முன்பு 10 கேட்டு 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. இனி 20 கேட்டு 12. நூற்றுக்கு அறுபது என்ற விகிதம் மாறவில்லையே என்று சொல்வீர்கள். உண்மைதான். அம்மாவும் அதைப் பற்றிப் புலம்பவில்லை. நோட்டில் புதிதாக ஒரு பகுதி தொடங்கி, அலெக்சாண்டர் ஹாமில்டன் யார், பத்தாவது திருத்தம் எதற்கு என்றெல்லாம் எழுதிப் படித்தார், தேறியும் காட்டினார். என் குறை கேள்விகளின் எண்ணிக்கை அல்ல. விலக்கு யாருக்கு என்பதில் நீங்கள் போட்டிருக்கும் கணக்கு.

குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 312-வது பிரிவு என்ன சொல்கிறது? 50 வயதாகி, கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் ஆங்கிலத் தேர்வு இல்லை. தன் மொழியிலேயே பதில் சொல்லலாம். 55 வயதாகி 15 ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அப்படித்தான். 65 வயதாகி 20 ஆண்டுகள் ஆகியிருந்தால் இன்னும் சலுகை: 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும், அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் தேர்ச்சி.

இதை அம்மாவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வு இல்லாமல் தமிழில் பதில் சொல்ல அவர் 2032 வரை காத்திருக்க வேண்டும். அப்போது வயது 78. முதியவர்களுக்கென்று வைத்திருக்கும் அந்த 20 கேள்விப் பட்டியல் அவர் கைக்கு வர 2037 ஆகும், அப்போது 83. முதியவர்களுக்கான சலுகையை வாங்க 83 வயது வரை ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். குடியுரிமைக்கு ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்பது 1906-ல் வந்தது. எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும் என்று 1950-ல் சேர்த்தார்கள். ஐம்பது வயது, இருபது ஆண்டு என்ற விலக்கும் அப்போதுதான் வந்தது. இளம் வயதில் கப்பலேறி வந்து, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து, பள்ளிக்கூடம் போக நேரமில்லாமல் வயதானவர்களுக்கு அந்தக் கணக்கு பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் 1965-ல் நீங்கள் சட்டத்தை மாற்றினீர்கள். 21 வயது நிரம்பிய குடிமக்கள் தங்கள் தாய் தந்தையரை எண்ணிக்கை வரம்பில்லாமல் அழைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தீர்கள். அந்தக் கதவு வழியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் நடு வயதைத் தாண்டியவர்கள். வரும்போதே 60, 65 வயது. அவர்களை வரச் சொன்ன கை ஒன்று. இளமையில் வந்தவர்களுக்காக எழுதிய விலக்கை அப்படியே விட்டுவைத்த கை இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் அம்மா நிற்கிறார்.

அம்மா வந்த புதிதில், அந்தக் காலத்தில் கப்பலில் குடியேற வந்தவர்களை நிறுத்தி விசாரித்த எல்லிஸ் தீவுக்கு அழைத்துப் போனேன். (அந்தத் தீவின் பெரும்பகுதி நியூ ஜெர்சிக்குச் சொந்தம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றமே சொன்னதில் நியூ ஜெர்சியில் வாழும் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.) 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்த வழியாக வந்தார்கள். 1907 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர். அந்தப் பெரிய கூடத்தில் நின்று, அந்தக் காலத்தில் ஒவ்வொருவரையும் கேட்ட கேள்விகளை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கப்பல் பட்டியலில் இருந்த 29 கேள்விகள்: பெயர் என்ன, தொழில் என்ன, பயணச் செலவை யார் கொடுத்தார்கள், கையில் எவ்வளவு பணம், யாரிடம் போகிறாய், சிறையில் இருந்ததுண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட மனைவி உண்டா, அரசே கூடாது என்னும் அராஜகவாதியா. "நம்ம விசா நேர்காணல்ல கேட்ட மாதிரியே இருக்கே" என்றார் அம்மா. இன்றைய குடியுரிமை விண்ணப்பத்திலும் அவற்றில் சில இருக்கின்றன. அராஜகவாதியோடு கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்துகொண்டது.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்த மேசையில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா, 1907 முதல் 1910 வரை அந்தத் தீவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். வந்தவரின் மொழியில் கேட்டு, அவர் மொழியிலேயே பதில் வாங்கினார்கள்.

1917-ல் எழுத்தறிவுத் தேர்வு வந்தது. வருகிறவர்களைக் குறைப்பதற்காகவே கொண்டுவந்த சட்டம் அது. அதிபர் வில்சன் மறுத்தும் நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றியது. ஆசியத் தடை வளையம் ஒன்றைப் போட்டு எங்கள் இந்தியாவையும் அதற்குள் அடைத்ததும் அதே சட்டம்தான். எங்கள் ஆட்கள் ஆண்டுக்கு 100 பேராவது வரலாம் என்று ஆக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தைப் புகழ எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அதை வாசித்தபோது ஒரு நிமிடம் அசந்துபோனேன். 16 வயதுக்கு மேற்பட்டவர் 30 முதல் 40 சொற்கள் வரை வாசித்துக் காட்ட வேண்டும். எந்த மொழியில் என்பதை அவரே சொல்லலாம். ஆங்கிலம் வேண்டியதில்லை. அப்புறம் அடுத்த வரி: அப்பாவோ தாத்தாவோ 55 வயதைத் தாண்டியிருந்தால், வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளைகளோடு வந்து சேரலாம். அம்மாவுக்கும் பாட்டிக்கும் வயதுகூடக் கேட்கவில்லை.

அது நாட்டுக்குள் நுழைவதற்கான தேர்வு, இது குடியுரிமைக்கான தேர்வு, இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெற்றவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு கடுமையான சட்டத்தை எழுதியவர்களுக்கே இருந்தது. உங்களுக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஆங்கிலம் இல்லாமல் இந்த நாட்டில் எப்படி வாழ்வது என்றும் கேட்பார்கள். அம்மா ஒன்பது வருடமாக வாழ்கிறார். பேரப்பிள்ளைகளைத் தினமும் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார். ஓட்டுநரோடு அவருக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று வாரம் ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் கார்டோடு சாகும் வரை இங்கேயே இருக்கலாம், அதற்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தேவையில்லை என்பதும் நீங்கள் எழுதிய சட்டம்தான். வாக்குச் சீட்டுக்கும், பயமில்லாமல் ஊர் போய் வருவதற்கும் மட்டும்தான் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது.

நண்பர்கள் சிலர் ஒரு வழி சொன்னார்கள். உடல் அல்லது மனக் குறைபாட்டால் படிக்க முடியாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் ஆங்கிலத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் விலக்கு உண்டு. "மறதி நோய்னு எழுதி வாங்கிடுங்களேன்" என்றார்கள். உண்மையாகவே அந்த நோயால் அவதிப்படுகிறவர்களுக்கு அந்த விலக்கு அவசியம் வேண்டும். என் அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. வயதாகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது என்கிறது விதி. ஆகவே வயதானவரை நோயாளி என்று பொய் சொல்லத் தூண்டுகிறது. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 128 கேள்விகளை மனப்பாடம் செய்த பெண்ணுக்கு மறதி என்று எந்தக் காகிதத்திலும் எழுத விட மாட்டேன்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். கனடாவில் 20 கேள்விகளில் 15 சரியாக இருக்க வேண்டும், நம்மைவிடக் கடினம். ஆனால் 55 வயதானால் தேர்வும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. 2015 வாக்கில் அதை 65 என்று உயர்த்திப் பார்த்து, 2017-ல் பழையபடி 55-க்கே இறக்கிவிட்டார்கள். பிரிட்டனில் 24-க்கு 18. அங்கே 65 வயதானவருக்கு விலக்கு. ஆஸ்திரேலியாவில் 60 வயதானால் தேர்வு கிடையாது. இவை எதிலும், வயதோடு சேர்த்து இருபது ஆண்டு இருந்து காட்டு என்ற நிபந்தனை இல்லை.

நீங்களும் இதற்கு முன் மாற்றியிருக்கிறீர்கள். 55 வயது, 15 ஆண்டு விலக்கைச் சேர்த்தது 1990-ல். 65 வயதுக்காரர்களுக்கான சலுகையையும் மருத்துவ விலக்கையும் சேர்த்தது 1994-ல். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகவே நான் கேட்பது இவை. 312-வது பிரிவில் ஒரு வரி சேருங்கள்: 65 வயது நிரம்பி, குடியுரிமைக்குத் தேவையான 5 ஆண்டுகளைக் கிரீன் கார்டோடு முடித்தவருக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டாம், வரலாறு, அரசமைப்புத் தேர்வை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தன் மொழியில் எழுதவோ சொல்லவோ விடுங்கள். தேர்வே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்க மாட்டார்; அந்த நோட்டில் அவருக்கு அவ்வளவு பெருமை. முதியவர்களுக்கான 20 கேள்விப் பட்டியலையும் 20 ஆண்டு நிபந்தனையிலிருந்து விடுவித்து, 65 வயதான எல்லோருக்கும் கொடுங்கள்.

சட்டம் மாற நாளாகும் என்று தெரியும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் விண்ணப்பதாரருக்குப் புரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று குடியுரிமைத் துறையின் கையேடே சொல்கிறது. அந்தத் துறையை மேற்பார்வையிடும் பொறுப்பு உங்கள் குழுக்களுக்கு உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களிடம் கடினமான சட்டச் சொற்களுக்கு விளக்கம் கேட்டு அதை வைத்து ஆங்கிலத் தேர்ச்சியை முடிவு செய்யக் கூடாது என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் வாங்கித் தாருங்கள். பேச்சுத் தேர்வில் மட்டும் தவறும் முதியவர்கள் எத்தனை பேர் என்று வயது வாரியாக ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் தவறினால் 760 டாலர் கட்டி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. இணைய வழியிலும் 710. மகன், மகள் வருமானத்தில் வாழும் முதியவர்களுக்கு அந்த மறு விண்ணப்பக் கட்டணத்தை நீக்குங்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது வாய்ப்பு 60 முதல் 90 நாட்களுக்குள் வரும். நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார். முதல் வரியில் "அலீஜியன்ஸ்" என்றும், கீழே சிவப்பு மையில் "விசுவாசம்" என்றும் எழுதியிருக்கிறது. அந்த நாளுக்கு முன் உங்கள் குழுக்களிலிருந்து எழுத்தில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்
எடிசன், நியூ ஜெர்சி